லொம்போக் தீவின் தெத்தேபாத்து கிராமம்: தங்கிப் பார்க்கவா, இடம் வாங்கவா?

கரையோரக்காகம்:

வணக்கம். சிங்கப்பூரில் வேலை, இந்தியப் பாஸ்போர்ட். பாலி அலுத்துவிட்டது, உபுத் பக்கம் போனால் பாதி நாள் ஸ்கூட்டர் நெரிசலிலேயே போய்விடுகிறது. பக்கத்துத் தீவான லொம்போக்கில், ரிஞ்சானி மலையின் தெற்குச் சரிவில் இருக்கும் தெத்தேபாத்து கிராமத்தைப் பற்றி ஒரு நண்பர் சொன்னார். வயல், அருவி, குளிர்ந்த காற்று, கூட்டம் இல்லை என்றார். இணையத்தில் தேடினால் "வயல் பார்த்த மனை, முழு உரிமை, வெளிநாட்டவரும் வாங்கலாம்" என்று விளம்பரங்கள் வருகின்றன. ஒரு தரகரிடம் பேசினேன், உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் பதிந்துகொள்ளலாம், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்கிறார்.

இரண்டு விஷயம் தெரியவேண்டும். ஊர் நிஜமாகவே எப்படி? நாங்கள் இருவரும் சைவம், வருடத்தில் இரண்டு மூன்று மாதம் அங்கே இருக்க ஆசை. அடுத்து, அந்த மனையை வாங்கலாமா?

நடைவண்டி:

ஊரைப் பற்றி நான் சொல்கிறேன், பத்திர விஷயத்துக்கு இங்கேயே விவரம் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், வருவார்.

கிழக்கு லொம்போக் மாவட்டம், சிக்கூர் வட்டம். சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் லொம்போக்குக்கு நேரடி விமானம் உண்டு. பிராயாவில் இருக்கும் விமான நிலையத்திலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பாலியிலிருந்து படகில் வருவதென்றால் பாடாங்பாயிலிருந்து லெம்பாருக்குப் பெரிய படகு, கடல் நான்கைந்து மணி நேரம், அதற்குமேல் சாலை வேறு, ஆக ஒரு நாள் போய்விடும். செயலியில் கூப்பிடும் வண்டியை நம்பி மலைப்பக்கம் கிளம்பாதீர்கள். போகும்போது கிடைக்கிற வண்டி திரும்பி வரும்போது கிடைக்காது. தங்குமிடத்துக்காரரிடமே சொல்லி வையுங்கள்.

மேலே போகப் போக சூடு குறைவது நன்றாகவே தெரியும். இரவில் மின்விசிறி தேவைப்படாது, சில மாதங்களில் போர்வை தேவைப்படும். நெல், மிளகாய், புகையிலை, நடுவில் தென்னை, காப்பி, கோக்கோ, வனிலா. டச்சுக்காரர் காலத்திலேயே இது ஓய்வுக்கு வரும் இடம். 1920களில் சுஜோனோ என்ற ஜாவானிய மருத்துவர் இங்கே வீடு கட்டினார், அதுதான் பிற்பாடு விஸ்மா சுஜோனோ என்ற விடுதி. மாவட்டத் தலைநகர் செலோங்கில் இருக்கும் அரசு மருத்துவமனையும் அவர் பெயரில்தான். அந்த மருத்துவமனைதான் உங்களுக்கும் பக்கத்துப் பெரிய மருத்துவமனை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இதயம், மூளை என்று பெரிதாக ஏதாவது வந்தால் மத்தாராம் நகருக்குத்தான் ஓடவேண்டும், வயதானவர்களை நீண்ட நாள் தங்கவைக்க நினைப்பவர்கள் அருவியைப் பார்ப்பதற்கு முன் இதைப் பார்க்கவேண்டும்.

அருவி என்றால் ஜெருக் மானிஸ், ரிஞ்சானி தேசியப் பூங்காவுக்குள் காட்டு வழியாக நடந்து போகவேண்டும். போகிற வழியில் மேலே கிளைகளில் கறுப்பு லுத்துங் குரங்குகள், இவை கூச்ச சுபாவம், கையிலிருப்பதைப் பிடுங்கும் ரகம் இல்லை. ஊருக்குக் கீழே கோத்தாராஜாவில் கொல்லர் பட்டறைகள், லோயோக்கில் மூங்கில் வேலை, பிரிங்காசேலாவில் கைத்தறி. இவற்றை ஸ்கூட்டரில் ஒரே சுற்றில் பார்க்கலாம், ஆனால் சர்வதேச ஓட்டுநர் உரிமம் இல்லாமல் ஓட்டாதீர்கள், விபத்தானால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

2021-ல் ஐ.நா. சுற்றுலா அமைப்பு சிறந்த சுற்றுலாக் கிராமங்களைத் தேர்ந்தெடுத்தபோது இந்தோனேசியா அனுப்பிய மூன்று ஊர்களில் இதுவும் ஒன்று. தேர்வானது ஜாவாவின் ங்லாங்கெரான். இருந்தாலும் அதன் பிறகு தெத்தேபாத்துவில் வீட்டோடு சேர்ந்த தங்குமிடங்கள் கூடின, உங்கள் தரகரின் உற்சாகத்துக்கும் அதில் பங்கு இருக்கும்.

சாப்பாடு. தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி), தோஃபு, காய்கறி தாராளம். வாழைத்தண்டைத் தேங்காய்ப்பாலில் கறியாக வைப்பார்கள், ஆரெஸ் என்று பெயர், கல்யாண விருந்துகளில் கட்டாயம் இருக்கும். சிக்கல் என்னவென்றால் தெராசி, அதாவது இறால் விழுது. பிளெச்சிங் கங்குங் வெறும் கீரை மாதிரிதான் தெரியும், மேலே ஊற்றும் சம்பலில் அது இருக்கும். ஆரெஸிலும் இறைச்சி சேர்ப்பதுண்டு. "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் தெராசியை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. "தன்ப்பா தெராசி", அதாவது தெராசி இல்லாமல், என்று ஒவ்வொரு முறையும் தனியாகச் சொல்லுங்கள், முடிந்தால் சமையலறை உள்ள இடமாகப் பிடியுங்கள்.

பத்திரப்பூச்சி:

கூப்பிட்டதற்கு நன்றி. முதலில் அந்தத் தரகரின் யோசனையை முடித்துவிடுவோம்: வேண்டாம்.

1960-ஆம் ஆண்டின் 5-ஆம் எண் நிலச் சட்டப்படி ஹக் மிலிக் எனப்படும் முழு உரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான். அதை வெளிநாட்டவருக்கு நேரடியாகவோ சுற்றிவளைத்தோ மாற்றினால் அந்தப் பரிமாற்றமே செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கவும் முடியாது. இது என் பயமுறுத்தல் இல்லை, 26-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவே இப்படித்தான் சொல்கிறது. உள்ளூர்க்காரர் பெயரில் பதிந்துவிட்டு, கடன் பத்திரம், அதிகாரப் பத்திரம் என்று நாலைந்து காகிதம் பக்கத்தில் வைத்துக்கொண்டாலும், நீதிமன்றத்துக்குப் போகும் நாளில் நீங்களே உங்கள் சட்டமீறலுக்குச் சாட்சி கொண்டுவந்த மாதிரி ஆகிவிடும். பெயர் கொடுத்தவர் நல்ல மனிதராகவே இருக்கட்டும், அவர் போன பிறகு அவருடைய பிள்ளைகளுக்கும் மருமகன்களுக்கும் நீங்கள் யார்?

சட்டப்படி உங்களுக்குத் திறந்திருப்பது மூன்று வழி. முதலாவது ஹக் பக்காய், பயன்பாட்டு உரிமை. 2021-ல் வந்த 18-ஆம் எண் அரசாணைப்படி வீட்டுக்கு 30 ஆண்டு, பிறகு 20 நீட்டிப்பு, அதற்கப்புறம் 30 புதுப்பிப்பு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் வெளிநாட்டவர் வாங்கும் வீட்டுக்கு மாகாணவாரியாகக் குறைந்தபட்ச விலை வைத்திருக்கிறார்கள், அது நூறு கோடி ரூப்பியாவுக்குக் குறையாது. மூங்கில் கூரை போட்ட கிராமத்து வீட்டுக்கு இது பொருந்தவே பொருந்தாது. இரண்டாவது, வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் தொடங்கி அதன் பெயரில் கட்டட உரிமை எடுப்பது. திட்ட முதலீடு ஆயிரம் கோடி ரூப்பியாவுக்கு மேல் காட்டவேண்டும், நிலமும் கட்டடமும் அந்தக் கணக்கில் சேராது. பூஜ்யங்களைப் பார்த்து மிரளவேண்டாம், ஆனாலும் டாலரில் ஆறு லட்சம் பக்கம் வரும். வருடத்தில் இரண்டு மாதம் தங்க இது அதிகப்படி.

மூன்றாவது ஹக் சேவா, குத்தகை. உங்களைப் போன்றவர்கள் பேசவேண்டியது இதைத்தான். 25, 30 ஆண்டு என்று எழுதுவார்கள், முழுத் தொகையையும் முன்கூட்டியே கேட்பதுதான் வழக்கம். விலை ஆரே கணக்கில் பேசுவார்கள், ஓர் ஆரே நூறு சதுர மீட்டர். நிலத்தை விற்றாலும் நடப்பில் உள்ள குத்தகை முறியாது என்று குடியியல் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் குத்தகை நில அலுவலகத்தின் பதிவேட்டில் ஏறுவதில்லை, நோட்டாரிஸ், அதாவது பத்திரங்களை எழுதிச் சான்றளிக்கும் அலுவலர், முன் எழுதும் பத்திரம்தான் உங்கள் ஆயுதம், அதனால் அதை எழுதும்போது சோம்பல் கூடாது. உரிமையாளரோடு மனைவி கையெழுத்து, வயதுவந்த பிள்ளைகளின் சம்மதம், நீட்டிப்பின்போது விலையை எப்படிக் கணக்கிடுவது, இடையில் வேறொருவருக்குக் கைமாற்ற உரிமை, குத்தகை முடிந்ததும் கட்டடம் யாருக்கு, இவை ஒவ்வொன்றும் எழுத்தில் வேண்டும். குத்தகைப் பணத்துக்கு நில உரிமையாளர் 10 சதவீதம் வரி கட்டவேண்டும், பல ஒப்பந்தங்களில் அதைச் சத்தமில்லாமல் குத்தகைதாரர் தலையில் கட்டிவிடுவார்கள்.

அப்புறம் "வயல் பார்த்த மனை" என்கிற விளம்பரம். பார்ப்பது வயலாக இருந்தால் சரி, மனையே வயலாக இருந்தால்? 2009-ன் 41-ஆம் எண் சட்டம் உணவுப் பயிர் நிலங்களைப் பாதுகாக்கிறது, பாசன வயல்களைக் காக்க வெளியிட்ட வரைபடத்தில் லொம்போக் இருக்கும் மேற்கு நுசா தெங்காராவும் உண்டு. அந்த வரைபடத்தில் குறித்த பகுதிக்குள் உங்கள் இடம் விழுந்தால் கட்டட அனுமதி கிடைக்காது, 30 ஆண்டுக் குத்தகையில் தவளைச் சத்தம் கேட்கலாம், அவ்வளவுதான். பணம் கொடுப்பதற்கு முன் மாவட்ட அலுவலகத்தில் நிலவகைப்பாட்டை எழுத்தில் வாங்குங்கள்.

மழைக்குருவி:

இரண்டு பேரும் நன்றாகச் சொல்லியிருக்கிறீர்கள், ஆனால் அமைதி என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிக்கவேண்டும். நான் அந்தப் பக்கம் வாடகைக்கு இருந்தவன்.

கிழக்கு லொம்போக் பக்தியான பகுதி. தீவின் பெரிய முஸ்லிம் அமைப்பான நஹ்த்லத்துல் வத்தான் தொடங்கிய ஊரான பான்சோர் இதே மாவட்டத்தில்தான், விமான நிலையத்துக்கே அதன் நிறுவனர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். விடியற்காலை ஒலிபெருக்கி நாலு திசையிலிருந்தும் வரும். எனக்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது, தூக்கம் லேசானவர்களுக்குப் பழகாது. ரமலானில் பகலில் உணவுக்கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். மது கிராமத்தில் எதிர்பார்க்காதீர்கள், அருவிக் குளியலுக்கும் உடை கொஞ்சம் அடக்கமாக இருக்கட்டும். கல்யாண ஊர்வலம், ந்யொங்கொலான் என்பார்கள், வாரக்கடைசியில் சாலையை முழுவதும் அடைத்துக்கொண்டு பெரிய மேளத்தோடு போகும், விமானம் பிடிக்கிற நாளில் இதற்கும் நேரம் ஒதுக்குங்கள். எனக்கு அந்த ஊரில் மிகவும் பிடித்த காட்சியும் அதுதான்.

மழை நவம்பரிலிருந்து மார்ச் வரை. ஜனவரி, பிப்ரவரியில் மலையே தெரியாது, துணி காயாது, சுவரில் பூஞ்சை ஏறும். ரிஞ்சானி மலையேற்றப் பாதைகளை ஆண்டுத் தொடக்கத்தில் மூடிவிடுவார்கள்.

இன்னொன்று, இதை விளம்பரத்தில் போடமாட்டார்கள். 2018 ஆகஸ்ட் 5 நிலநடுக்கம், அளவு ஏறக்குறைய 7, தீவில் 500-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். வடக்குப் பகுதிதான் அதிகம் அடிவாங்கியது, ஆனால் அந்த மாதம் முழுக்கத் தீவே குலுங்கியது. ஏற்கெனவே கட்டிய வீட்டைக் குத்தகைக்கு எடுப்பதென்றால் தூணும் விட்டமும் கம்பி போட்டுக் கட்டியதா என்று தெரிந்த பொறியாளரை வைத்துப் பாருங்கள். வெறும் செங்கல் சுவரும் கனமான ஓடும் என்றால் வாடகை எவ்வளவு குறைவென்றாலும் வேண்டாம்.

தண்ணீரும் கேளுங்கள். வாய்க்கால் நீருக்கு முறை உண்டு, பெக்காசே என்பவர் அதைப் பார்த்துக்கொள்வார். மேலே புதிதாக நீச்சல்குளம் கட்டினால் கீழே வயல்காரர் முகம் மாறும்.

கரையோரக்காகம்:

மிக்க நன்றி. தரகரிடம் குத்தகை என்றே கேட்டேன். உடனே 30 ஆண்டுக்குச் சம்மதித்துவிட்டார், உரிமையாளரின் ஆவணம் என்று ஒரு படமும் அனுப்பினார். அது சான்றிதழ் இல்லை, பழைய வரி ஆவணமாம், பிப்பில் என்கிறார். இது போதும், கிராமத் தலைவரும் கையெழுத்துப் போடுவார் என்கிறார். வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கலாம் என்றும் சொல்கிறார்.

பத்திரப்பூச்சி:

போதாது. பிப்பில், கிரிக் எல்லாம் வரி கட்டியதைக் காட்டும் காகிதங்கள். அதே 2021 அரசாணை இவற்றைச் சான்றிதழாக மாற்றிக்கொள்ள ஐந்தாண்டு அவகாசம் தந்தது, அதன் கெடு 2026 பிப்ரவரி. அதன் பிறகு உரிமைக்கு ஆதாரமாக இவை நிற்காது. சான்றிதழ் எடுக்காத குடும்ப நிலம் என்றால் பெரும்பாலும் பாகம் பிரிக்காத நிலம், தாத்தா பெயரில் இருக்கும், ஆறேழு வாரிசுகளில் ஒருவர் மலேசியாவில் தோட்டவேலையில் இருப்பார், அவர் திரும்பி வந்து "என்னை யார் கேட்டது" என்பார். கேட்பதில் நியாயமும் இருக்கிறது.

உரிமையாளர் முதலில் சான்றிதழ் எடுக்கட்டும், அந்தச் செலவை வேண்டுமானால் குத்தகைத் தொகையில் கழித்துக்கொள்வதாகப் பேசுங்கள். கையில் வந்ததும் நோட்டாரிஸ் அதை நில அலுவலகத்தில் சரிபார்க்கவேண்டும். அந்த நோட்டாரிஸை நீங்கள் தேர்ந்தெடுங்கள், தரகர் கூட்டிவருபவர் வேண்டாம். கிராமத் தலைவரின் கையெழுத்து நல்லதுதான், ஊரோடு உறவுக்கு உதவும், உரிமையை அது தராது.

வாடகைக்கு விடுவது தனிக் கதை. வீட்டளவிலான சிறிய தங்குமிடத் தொழில் உள்நாட்டவருக்கு ஒதுக்கியது. சுற்றுலா விசாவில் வந்து விருந்தினரிடம் பணம் வாங்கினால் குடிவரவுத் துறை பிடித்து நாடு கடத்தலாம். ஆகவே அந்த வருமானத்தைக் கணக்கில் போட்டுக் குத்தகைத் தொகையை நியாயப்படுத்தாதீர்கள்.

நடைவண்டி:

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இறங்கியதும் விசா கிடைக்கும், 5 லட்சம் ரூப்பியா, 30 நாள், ஒருமுறை மேலும் 30 நாள் நீட்டிக்கலாம். ஆக நீங்கள் சொன்ன இரண்டு மாதம் எதையும் வாங்காமலேயே முடிகிற காரியம். இதைத் தரகர் சொல்லமாட்டார்.

மழைக்குருவி:

ஜனவரியில் போங்கள். மே, ஜூனில் யாருக்கும் அந்த ஊர் பிடித்துவிடும். மாத வாடகைக்கு ஒரு வீடு எடுங்கள், மழைக்காலத்தில் பேரம் பேசவும் வசதி. தரகருக்கு வருவதைச் சொல்லவேண்டாம். அந்த மனைக்குப் பக்கத்து வீட்டுப் பெருகாக்கில், அதுதான் வாசலில் இருக்கும் கூரைபோட்ட திண்ணை, போய் உட்கார்ந்தால் காப்பி வரும். அந்த நிலம் யாருடையது, எத்தனை பேருடையது என்று அங்கே கேளுங்கள்.

கரையோரக்காகம்:

ஜனவரிக்கு டிக்கெட் பார்க்கிறேன். முன்பணம் கேட்டிருந்தார், கொடுக்கவில்லை. சமையலறை உள்ள வீடு ஏதாவது தெரிந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள்.