மதியம் பிராக்டிஸ், இரவு ரேஸ்: சூப்பர் லேட் மாடலில் வெட்ஜ் கூட்டலாமா?

ஓவல்பித்தன்:

வணக்கம். 0.4 மைல் தார் ஓவல் (இடப்பக்கமே திரும்பி ஓடும் நீள்வட்டத் தளம்), திருப்பங்களில் 12 டிகிரி சாய்வு. சூப்பர் லேட் மாடல் (ஓவலுக்கென்றே கட்டிய ரேஸ் கார்), டிரைவரோடு 2,800 பவுண்ட். இடப்பக்க எடை 57%, பின் எடை 50%, கிராஸ் (வலது முன், இடது பின் சக்கரங்கள் சேர்ந்து சுமக்கும் பங்கு; இதைக் கூட்டுவதுதான் வெட்ஜ் கூட்டுவது) 52%. முன்பக்கம் இரண்டுமே பம்ப் ஸ்டாப்பில் (சஸ்பென்ஷன் அமுங்குவதைத் தாங்கும் ரப்பர் கட்டை) ஓடுகிறது. பின்னால் ஸ்பூல் (இரண்டு பின் சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டுவது). டயர் 10 அங்குல பயஸ் பிளை (நூலடுக்குகள் குறுக்குச் சாய்வாக ஓடும் வகை).

பிராக்டிஸ் பிற்பகல் 3 மணிக்கு. காற்று 95 டிகிரி, தளம் 130 (எல்லாம் ஃபாரன்ஹீட்). ரேஸ் இரவு 8 மணிக்கு, 100 லேப், டயர் மாற்றம் கிடையாது. அப்போது காற்று 78-க்கும் தளம் 90-க்கும் இறங்கும் என்பது கணிப்பு.

25 லேப் ஓட்டத்தில் முதல் பத்து லேப் கார் நடுநிலை. 15-க்குப் பிறகு திருப்பத்தை விட்டு வெளியேறும்போது லூஸ் (பின்பக்கம் வெளியே வழுக்குகிறது). குளிர்ந்த நிலையில் டயர் காற்றழுத்தம் இடப்பக்கம் இரண்டும் 12 பிஎஸ்ஐ, வலப்பக்கம் இரண்டும் 20. உள்ளே வந்ததும் அளந்தது: இடது முன் 16, இடது பின் 16.5, வலது முன் 29, வலது பின் 31. ஸ்டாகர் (வலது பின் டயரின் சுற்றளவு இடது பின்னைவிட எவ்வளவு அதிகம் என்பது) 2 அங்குலத்தில் போய் 2.5-இல் வந்தது. டயர் வெப்பம் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு வரிசையில்: வலது முன் 214, 206, 198. வலது பின் 208, 212, 204.

டிரைவர் கிராஸை 53%-க்கு ஏற்றச் சொல்கிறார். ஏற்றலாமா?

தராசுத்தட்டு:

ஏற்றாதீர்கள். நீங்கள் கொடுத்த எண்களிலேயே பதில் இருக்கிறது.

வலது பின் டயரைப் பாருங்கள். இரு விளிம்புகளின் சராசரி 206, நடு 212. காற்று அதிகமாகி நடுப்பகுதி மட்டும் தளத்தில் உரசுகிறது. 20-இல் போட்டு 31-இல் வருகிற டயர் அப்படித்தான் படிக்கும். பயஸ் டயர் என்பதால் காற்று ஏற ஏறச் சுற்றளவும் வளர்கிறது, ஸ்டாகர் அரை அங்குலம் கூடியது அதனால்தான்.

இந்தத் தளத்துக்கு எவ்வளவு ஸ்டாகர் வேண்டும்? இடது பின் சுற்றளவை டிராக் அகலத்தால் (இரண்டு பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) பெருக்கி, திருப்ப ஆரத்திலிருந்து அகலத்தில் பாதியைக் கழித்து வருவதால் வகுங்கள். சுற்றளவு 85 அங்குலம், அகலம் 65, ஓட்டுக் கோட்டின் ஆரம் 200 அடி, அதாவது 2,400 அங்குலம் என்று வையுங்கள். 85 × 65 ÷ 2,367.5 = 2.33. ஸ்பூல் வைத்த காரில் இரண்டு பின் சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றுவதால் இந்த எண் ஏறக்குறைய நேரடியாகவே பொருந்தும். சூடானபின் 2.3-க்குப் பக்கத்தில் நிற்க வேண்டியது உங்களுக்கு 2.5-ஐத் தொடுகிறது. கார் தானே இடப்பக்கம் திரும்பப் பார்க்கிறது, ஆக்சிலேட்டரை மிதித்ததும் பின்பக்கம் வெளியே போகிறது.

இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. வலது பின் டயர் வலது முன்னைவிட அதிகம் வளர்ந்தால் அந்த மூலை உயர்ந்து, வலது பின்னிலும் இடது முன்னிலும் எடை ஏறும். கிராஸ் இறங்கும். ஒரே டயர் இரண்டு வழியில் காரை லூஸாக்குகிறது.

எனவே மாற்ற வேண்டியது டயர் காற்றுதான். வலது பின்னை 18.5-இல் தொடங்குங்கள். வலது முன் 20-லேயே இருக்கட்டும். அதன் உள்விளிம்பு 16 டிகிரி கூடுதலாக இருப்பது கேம்பர் (சக்கரத்தின் பக்கச் சாய்வு) சற்று அதிகம் என்று சொல்கிறது, ஆனால் நடு சரியாக நடுவில் நிற்கிறது, காற்றில் குறை இல்லை. காற்றை மாற்றியபின் ஸ்டாகரை மறுபடி அளக்க மறக்காதீர்கள். குளிர்ந்த நிலையில் 1.9-க்குக் கீழே போனால் முதல் பத்து லேப் டைட்டாகிவிடும் (முன்பக்கம் திரும்ப மறுக்கும்).

இனி கிராஸ் கணக்கு. இப்போது இடது முன் 770, வலது முன் 630, இடது பின் 826, வலது பின் 574 பவுண்ட் இருக்கும். 53% ஆக்கினால் ஒவ்வொரு சக்கரத்திலும் மாறுவது 14 பவுண்ட்தான்: 756, 644, 840, 560. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் அந்த 14 பவுண்ட் முதல் லேப்பிலிருந்து கடைசி லேப் வரை இருக்கும். உங்கள் சிக்கலோ 15-ஆவது லேப்பில்தான் பிறக்கிறது. முழு நேர மருந்தை அரை நேர நோய்க்குக் கொடுக்கிறீர்கள்.

பம்ப்ஸ்டாப்:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் அது மதியத்துக்கான பதில். இரவில் என்ன ஆகும் என்பதுதானே கேள்வி?

தளம் 130-லிருந்து 90-க்கு வரும்போது பிடிப்பு கூடும். பின் டயர்கள் நன்றாகக் கவ்வும். ஸ்பூல் இருப்பதால் இரண்டும் சேர்ந்து காரை நேராகத் தள்ளும், முன்பக்கம் திரும்ப மறுக்கும். மிதித்ததும் டைட். வழுக்குத் தளத்தில் தெரிந்த லூஸ் பாதி தானாகவே போய்விடும். இப்போது வெட்ஜையும் ஏற்றி வைத்தால் எட்டு மணிக்குச் சுவரைப் பார்த்துத்தான் போவார்.

இதைவிட முக்கியம் உங்கள் முன்பக்கம். திருப்பத்தில் வேகம் கூடினால் வலது முன்னில் விழும் எடை கூடும், பம்ப் ஸ்டாப் இன்னும் ஆழமாக நசுங்கும். ஸ்டாப் ரப்பர் நேர்கோட்டு ஸ்பிரிங் இல்லை, நசுங்க நசுங்க விறைக்கும். மதியம் மென்மையாகத் தொட்ட இடத்தில் இரவு கல்லாக நிற்கும். நடுத் திருப்பத்தில் திடீரென்று முன்பக்கம் பிடியை விடும். டிரைவர் “டைட்” என்று மட்டும் ரேடியோவில் சொல்வார், நீங்கள் வெட்ஜ் எடுப்பீர்கள், வெளியேறும் இடத்தில் லூஸாகும், நடுத் திருப்பம் அப்படியே இருக்கும். கெட்டது அடுத்த இடத்துக்குப் போகும், தீராது.

சரிபார்க்க: ஷாக் தண்டில் ஓ-ரிங்கோ பிளாஸ்டிக் டையோ மாட்டி, மதிய ஓட்டம் முடிந்ததும் எவ்வளவு தள்ளப்பட்டிருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். குவாலிஃபையிங்குக்கு (ரேஸில் தொடங்கும் இடத்தைத் தீர்மானிக்கும் ஓட்டம்) முன் கடைசிப் பிராக்டிஸ் மாலையில் இருந்தால் மறுபடி அளங்கள். அசைவு கூடியிருந்தால் வலது முன் ஸ்டாப்பிலிருந்து ஒரு 1/16 அங்குல ஷிம்மை (மெல்லிய இடைத் தகடு) எடுங்கள். ஒன்றுதான். இரண்டு எடுத்தால் மூக்கு தரையைத் தொடும், அங்கே டயரிலிருந்து எடை போய்விடும், மறுபடியும் டைட்.

ஓவல்பித்தன்:

நன்றி இருவருக்கும். ஒரு நெருக்கடி: குவாலிஃபையிங் முடிந்ததும் கார் இம்பவுண்ட் (அதிகாரிகள் பூட்டி வைத்துவிடுவார்கள்). அதன்பிறகு டயர் காற்று, வெட்ஜ் போல்ட், பேன்ஹார்ட் பார் (பின் அச்சைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி), கிரில் டேப் (முன் கிரில்லை மூட ஒட்டுவது) இவை நான்கை மட்டும் தொடலாம். மாலை 5.30-க்கு 15 நிமிடப் பிராக்டிஸ் ஒன்று உண்டு. 6.30-க்கு குவாலிஃபையிங். எதை எப்போது செய்வது?

தராசுத்தட்டு:

அப்படியானால் வரிசை தெளிவு. பூட்டிய பிறகு தொட முடியாததை முதலில் முடியுங்கள்: ஷிம், கேம்பர், ஷாக், ஸ்டாகருக்கான டயர்த் தேர்வு. 5.30 பிராக்டிஸ் இதற்கு மட்டும். 15 நிமிடத்தில் இரண்டு முறை வெளியே போகலாம், ஆக இரண்டு மாற்றம். மூன்றாவதை நினைக்காதீர்கள்.

ரேஸ் நாளில் கை சும்மா இருக்காது, ஏதாவது திருக வேண்டும் போலத் துடிக்கும். அந்தத் துடிப்பில் ஒரே நேரத்தில் ஸ்பிரிங்கையும் பாரையும் காற்றையும் மாற்றிவிட்டு, எது வேலை செய்தது என்று தெரியாமல் விழிக்கிற குழுக்கள்தான் அதிகம். ஒரு முறைக்கு ஒரு மாற்றம், மாற்றும் முன் பழைய எண்ணைத் தாளில் எழுதுவது. காரை இழுத்து வரும்போது இருந்த செட்டப்புக்கு ஐந்து நிமிடத்தில் திரும்ப முடிய வேண்டும்.

பூட்டியபின் தொடக்கூடிய நான்கையும் நடுவில் நிறுத்தி வையுங்கள். பேன்ஹார்ட் பார் ஏற்கனவே மேல் ஓட்டையில் இருந்தால் இரவு டைட்டானால் ஏற்ற இடமிருக்காது.

எது எதற்கு என்றால்: பேன்ஹார்ட் பாரை ஏற்றினால் பின் ரோல் மையம் (கார் பக்கவாட்டில் சாயும் மையப் புள்ளி) உயர்ந்து கார் லூஸாகும், இறக்கினால் டைட். கால் அங்குலம் ஏற்றினாலே டிரைவருக்குத் தெரியும். நடுத் திருப்பத்துக்கும் வெளியேறுவதற்கும் இதுதான் என் முதல் கை. வெட்ஜ் நுழைவிலிருந்து முடிவு வரை எங்கும் தெரியும், அதனால் அது கடைசிக் கை. இடது பின் போல்ட்டை இறுக்கினால் கிராஸ் ஏறும், தளர்த்தினால் இறங்கும். ஒரு முழுச் சுற்றுக்கு உங்கள் காரில் எத்தனை பவுண்ட் என்பதைப் பட்டறையில் தராசு மேலேயே அளந்து வைத்திருக்க வேண்டும். டிரைவர் எடை சீட்டில், ரேஸ் எரிபொருள் டேங்கில், ரேஸ் காற்று டயரில், ஸ்வே பார் (கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) கழற்றி. காரை முன்னும் பின்னும் உருட்டி அமர்த்திய பிறகு படிக்கும் எண்ணைத்தான் நம்பலாம். ஜாக்கிலிருந்து இறக்கியவுடன் படித்தால் சஸ்பென்ஷன் மாட்டிக்கொண்டு பொய் சொல்லும்.

டேப்: 0.4 மைலில் பெரிய விஷயம் இல்லை. இரவு எஞ்சின் குளிர்ச்சியாக இருக்கும், கொஞ்சம் கூட்டலாம். முன் டவுன்ஃபோர்ஸ் (காற்று காரைக் கீழே அழுத்தும் விசை) சற்றுக் கூடும். தண்ணீர் வெப்பத்தின் மேல் கண் இருக்கட்டும்.

நிழல்டயர்:

காற்றைப் பற்றி யாரும் சொல்லாத ஒன்று. 95 டிகிரியில் 20 பிஎஸ்ஐ வைத்த டயர், யாரும் தொடாமலே 78 டிகிரியில் 18.9 காட்டும். 12 வைத்தது 11.2 ஆகும். வலப்பக்கம் 1.1 இறங்க, இடப்பக்கம் 0.8 மட்டும் இறங்குகிறது, ஸ்டாகரும் கொஞ்சம் சுருங்கும். மதியம் போட்ட 18.5-ஐ அப்படியே விட்டால் இரவு அது 17.5-தான். அதற்கு மேல் குளிர்ந்த தளத்தில் காற்று ஏறுவதும் குறைவு. மதியம் 11 ஏறிய வலது பின் இரவு 9 ஏறினால் ஆச்சரியமில்லை. 17.5-இல் தொடங்கினால் வேண்டிய ஸ்டாகரை எட்டவே இருபது லேப் ஆகும்.

ஆகவே எண்ணை எழுதும்போது வெப்பத்தையும் சேர்த்து எழுதுங்கள். “18.5” என்றால் எந்த வெப்பத்தில் 18.5? என் கணக்கில் இரவு 78 டிகிரியில் 19 வைப்பேன். மதியச் சிகிச்சையில் பாதியை இரவே செய்துவிடும்.

டயர்களை வெயிலில் அடுக்காதீர்கள். மேற்கே பார்த்த டயர் ஒன்றரை பிஎஸ்ஐ ஏறி நிற்கும், அதன் சுற்றளவை அளந்து ஸ்டாகர் 2.1 என்று எழுதுவீர்கள், இரவு அது 2.1 இல்லை. நைட்ரஜன் போட்டாலும் வெப்பத்துக்கு ஏறி இறங்கத்தான் செய்யும். ஈரம் இல்லாததால் அளவு கணிக்கக்கூடியதாக இருக்கும், அவ்வளவுதான் லாபம்.

மூணாம்திருப்பம்:

டிவியில் பார்த்து இதைப் பழக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவின் சார்லட்டில் நடக்கும் நாஸ்கார் ரேஸான கோகோ-கோலா 600 மாலை வெயிலில் தொடங்கி இரவில் முடியும், 1.5 மைல் தளத்தில் 400 லேப். அங்கே பொழுது சாய்வதோடு ஒவ்வொரு பிட் நிறுத்தத்திலும் புது டயர், காற்று மாற்றம், பின் கண்ணாடி வழியாக வெட்ஜ் என்று காரைத் துரத்திக்கொண்டே வருவார்கள். 2015 முதல் 2021 வரை டிராக் பாரை (பேன்ஹார்ட் பாருக்கு அங்கே பெயர்) டிரைவரே சீட்டிலிருந்து ஏற்றி இறக்கினார். 2022-இல் வந்த நெக்ஸ்ட் ஜென் காரில் தனித்தனி பின் சஸ்பென்ஷன், டிராக் பாரே இல்லை. உங்களுக்கு டயர் மாற்றமே கிடையாது. அவர்கள் முதல் நிறுத்தம் வரை பொறுக்கக்கூடிய டைட்டை நீங்கள் 100 லேப்பும் சுமக்க வேண்டும். எனவே தொடக்கத்தில் லேசாக லூஸ் பக்கம் சாய்வது தப்பில்லை, ஆனால் வலது பின் டயர் வெந்து போகாத அளவுக்கு.

இன்னொன்று, இந்த 40 டிகிரி வித்தியாசக் கணக்கு தார்த் தளத்துக்கு. மார்ட்டின்ஸ்வில்லில் (0.526 மைல், நம் நரேன் கார்த்திகேயன் 2010-இல் நாஸ்கார் ட்ரக் சீரிஸில் முதன்முதலாக இறங்கி 13-ஆவது வந்த இடம்) திருப்பங்கள் கான்கிரீட். வெளிர் நிறம் வெயிலைக் குறைவாகவே குடிக்கும், இரவு வித்தியாசமும் அங்கே குறைவு. அங்கிருந்து எடுத்த குறிப்பை உங்கள் தளத்தில் போடாதீர்கள்.

உங்களுக்கு முன்னால் வேறு டயர் நிறுவனத்தின் டயரில் ஓடும் பிரிவு ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அவர்கள் விட்டுப்போகும் ரப்பர் உங்கள் டயரோடு ஒட்டாமல் முதல் சில லேப் வழுக்கும். அதைப் பார்த்துப் பதறி வெட்ஜ் கூட்டச் சொல்லி டிரைவர் கேட்பார். பத்து லேப் பொறுங்கள்.

பம்ப்ஸ்டாப்:

எரிபொருளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 8 கேலன் எரிந்தால் சுமார் 50 பவுண்ட், டேங்க் பின் அச்சுக்கும் பின்னால். பின் எடை சதவீதம் ஒன்றுக்குச் சற்று மேல் இறங்கும். தராசில் நிரப்பிய டேங்கோடு ஒரு முறை, கால் டேங்கோடு ஒரு முறை வைத்துப் பார்த்து இரண்டு கிராஸ் எண்ணையும் எழுதி வையுங்கள்.

ரெவ் லிமிட்டரையும் (எஞ்சின் சுழற்சி வரம்பைத் தாண்டாமல் தடுப்பது) பாருங்கள். குளிர்ந்த காற்றில் எஞ்சின் பலம் கூடும், திருப்ப வேகமும் கூடும். மதியம் நேர்ப்பாதை முடிவில் லிமிட்டருக்கு 50 ஆர்பிஎம் மட்டும் இடைவெளி இருந்தால் இரவு அதை முட்டுவீர்கள். குறைந்தது 150 வேண்டும். இல்லையென்றால் கியரை இம்பவுண்டுக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

ஓவல்பித்தன்:

முடிவு இது. 5.30 முதல் ஓட்டம்: வலது பின் காற்று மட்டும் குறைத்து. இரண்டாவது ஓட்டம்: ஷாக் டை அளவு கூடியிருந்தால் வலது முன் ஒரு ஷிம் எடுத்து. பேன்ஹார்ட் பார் நடு ஓட்டையில். கிராஸ் 52-லேயே. காற்றை 7.30-க்கு 78 டிகிரிக் கணக்கில் 19 வைக்கிறேன்.

நிழல்டயர்:

7.30 வேண்டாம். குவாலிஃபையிங்கில் சூடான டயர் ஒரு மணி நேரத்தில் முழுதாக ஆறியிருக்காது, உள்ளே இன்னும் வெப்பம் இருக்கும். கிரிட்டுக்குக் (ரேஸ் தொடங்கும் வரிசை) கிளம்புமுன் கடைசியாக ஒரு முறை பாருங்கள், கை வைத்தால் டயர் காற்றின் வெப்பத்தில் இருக்க வேண்டும். அளக்கும் கேஜ் மதியம் பயன்படுத்திய அதே கேஜாக இருக்கட்டும். இரண்டு கேஜ்களுக்கு நடுவே அரை பிஎஸ்ஐ வித்தியாசம் சாதாரணம்.