மறுமொழி: ‘ஸ்பில்ஓவர்’ – வழிவா, நிலுவையா, குறைவேலையா?

அன்பின் குழுமத்தாருக்கு,

> ஸ்பில்ஓவர் = வழிவு அல்லது நிலுவைப்பணி. இரண்டில் ஒன்றை முடிவு செய்து கலைச்சொல் பட்டியலில் ஏற்றலாமா?

மென்பொருள் அணி ஒரு குறித்த காலத்துக்கு (ஸ்பிரிண்ட், நம் சொல்லில் ‘தவணை’) எடுத்த வேலை அதற்குள் முடியாமல் அடுத்ததற்குப் போவதைத்தான் ஸ்பில்ஓவர் என்கிறார்கள். அதற்கு இந்த இரண்டு சொல்லும் வேண்டாம் என்பது என் எண்ணம். ‘வழிவு’ என்றதும் நிரம்பிய குடம்தான் கண்ணுக்குள் வருகிறது. அளவுக்கு மீறி ஊற்றிவிட்டோம், மேலே இருந்தது வழிந்தது, அவ்வளவுதான் என்று ஆகிவிடும். ‘நிலுவை’யை ஏற்கெனவே பேக்லாக்குக்கு, அதாவது இன்னும் தொடங்காத வேலைகளின் பட்டியலுக்குக் கொடுத்துவிட்டோம். கை வைக்காத வேலைக்கும் பாதியில் நிற்கும் வேலைக்கும் ஒரே பெயர் போனால், சிக்கல் எங்கே இருக்கிறது என்பதையே அந்தப் பெயர் மறைத்துவிடும். போன கிழமை ஒரு தம்பி ‘தொங்கல்’ என்றார். எங்கள் பக்கம் தொங்கல் என்றால் முடிவிடம்: தெருத் தொங்கல், ஊர்த் தொங்கல். முடியாத வேலைக்கு அந்தப் பெயர் வைத்தால் இங்கே சிரிப்பார்கள்.

நான் முன்வைப்பது ‘குறைவேலை’. புதிதாகச் செய்த சொல் இல்லை. திருகோணமலையில் எந்த ஒழுங்கைக்குள் போனாலும் சுவர் எழும்பி, கூரை போட்டு, பூச்சில்லாமல் நிற்கும் வீடு ஒன்றாவது இருக்கும். “இன்னும் குறை வேலை கிடக்குது” என்பார் வீட்டுக்காரர். காசு போய்விட்டது, குடியேற ஏலாது. தவணை முடிவில் பாதியில் நிற்கும் மென்பொருள் வேலையும் அப்படித்தான்.

(ஸ்பிரிண்டுக்குத் ‘தவணை’ என்று முன்பே பேசி முடித்தோம். ‘விரைவோட்டம்’ இன்னும் சிலருக்குப் பிடிக்கிறது என்று தெரியும். இரண்டு கிழமைக்கு ஒன்று என்றால் வருடத்துக்கு 26 வரும்; 26 முறை தலைதெறிக்க ஓடினால் ஆள் விழுந்துவிடுவான். பள்ளிக்கூடத் தவணைபோல் தொடங்கும் நாளும் முடியும் நாளும் குறித்த காலம் என்பதுதான் இங்கே முக்கியம்.)

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். திருகோணமலை உப்புவெளியில் ஆறு பேர் கொண்ட எங்கள் அணி. பத்து வேலை நாள் தவணையின் எட்டாம் நாள் வேலைப் பலகையைப் பார்த்தால் ‘நடக்கிறது’ என்ற பத்தியில் 12 சீட்டுகள் (வேலைக்கு ஒரு சீட்டு), ‘முடிந்தது’ பத்தியில் ஒன்றுமில்லை. ஒரு சீட்டை மட்டும் பின்தொடர்ந்து பார்த்தேன்: விற்பனைச் சிட்டையைத் தமிழில் அச்சிடும் வேலை. மூன்றாம் நாளே எழுதியாகிவிட்டது. சரிபார்க்க ஆளில்லாமல் ஏழாம் நாள் வரை கிடந்தது. ஒன்பதாம் நாள் சோதனைக்குப் போனபோது ‘கொ’வின் கொம்பு தனியே கழன்று நின்றது. எழுதிய பொடியன் அதற்குள் வேறு இரண்டு சீட்டுகளைத் திறந்துவிட்டிருந்தான். தான் எழுதியதையே திரும்ப வாசித்து விளங்க அவனுக்கு அரை நாள் போனது. சிட்டை அடுத்த தவணைக்குப் போய்விட்டது. அணியில் ஒருவரும் சும்மா இருக்கவில்லை. ஆளுக்கு இரண்டு வேலை திறந்திருந்தது, அதுதான் காரணம்.

இதற்குக் கணக்கும் உண்டு. ஜான் லிட்டில் 1961-ல் நிறுவிய விதிப்படி, கையில் திறந்திருக்கும் வேலைகளை ஒரு நாளில் முடியும் வேலைகளால் வகுத்தால், ஒரு வேலை முடியச் சராசரியாக எத்தனை நாள் என்று கிடைக்கும். நாளுக்கு ஒன்று முடிக்கும் அணி 12 வேலைகளைத் திறந்து வைத்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் 12 நாள். எங்கள் தவணையோ பத்து நாள்! அதையே ஐந்தாகக் குறைத்தால் ஐந்து நாள். அடுத்த தவணையில் ஐந்துக்கு மேல் திறப்பதில்லை என்று வைத்தோம். கை ஓய்ந்தவர் புதுச்சீட்டை எடுக்காமல் சோதனைக்கு உதவ வேண்டும். ஒருவர் முகம் சுளித்தார், “நான் என்ன டெஸ்டரா?” என்று. திட்டமிட்ட பத்தில் எட்டு முடிந்தது. மீதி இரண்டும் தொடப்படவே இல்லை, நிலுவைப் பட்டியலுக்குத் திரும்பின. அவற்றை நான் குறைவேலை என்று சொல்ல மாட்டேன். பெயரை இப்படிப் பிரித்து வைத்தபிறகுதான் மீளாய்வுக் கூட்டத்தில் கதைப்பதே எங்களுக்கு லேசாயிற்று.

இன்னொன்று. திட்டமிட்ட வேலைகளின் பட்டியலைக் ‘கடப்பாடு’ (கமிட்மென்ட்) என்று மொழிபெயர்ப்பதை நிறுத்துவோம். தவணை தவணையாக வேலை செய்யும் ஸ்க்ரம் முறைக்கான கையேட்டின் 2011 பதிப்பே அந்த இடத்தில் கமிட்மென்ட்டை எடுத்துவிட்டு ஃபோர்காஸ்ட் என்று போட்டது. 2020 பதிப்பில் கமிட்மென்ட் திரும்ப வந்தாலும், தவணைப் பட்டியலைப் பொறுத்தமட்டில் அது தவணையின் இலக்குக்குத்தான், சீட்டுகளின் எண்ணிக்கைக்கு அல்ல. ஃபோர்காஸ்ட்டுக்கு நம்மிடம் ‘எதிர்வுகூறல்’ இருக்கிறது. வானிலைச் செய்தியில் தினமும் கேட்கிற சொல். வாடைக்காற்றுக் காலத்தில் அதைக் கேட்டுவிட்டுத்தான் இங்கே கடலுக்குப் போவதா என்று முடிவெடுப்பார்கள். மழை பெய்யவில்லை என்பதற்காகச் சொன்னவரை யாரும் கூண்டில் ஏற்றுவதில்லை.

உப்புவெளியிலிருந்து

—

> குறை என்றால் குற்றம், பழுது என்றும் பொருள் வருமே? சென்னையில் ‘குறைவேலை’ என்றால் பிழையுள்ள மென்பொருள் நிரல் என்று எடுத்துக்கொள்வார்கள். ‘முற்றாப்பணி’ என்றால் என்ன?

ஐயா, நியாயமான தடைதான். ஆனால் பழுதுக்கு ‘வழு’ என்று நாம் எல்லோரும் எழுதிப் பழகிவிட்டோம். அது இருக்கும்வரை குழப்பம் வராது என்று நினைக்கிறேன். ‘முற்றாப்பணி’ இலக்கணச் சுத்தமான சொல். ஆனால் காலைக் கூட்டத்தில் நின்றுகொண்டு “என்னிடம் இரண்டு முற்றாப்பணி இருக்கிறது” என்று எங்கள் பொடியள் சொல்லவே மாட்டார்கள். கலைச்சொல் வாயில் நுழைய வேண்டும், கூச்சமில்லாமல் வெளியே வரவும் வேண்டும்.

கலைச்சொல் பட்டியலுக்கு இப்படி எழுதிப் பார்த்தேன், திருத்துங்கள்:

குறைவேலை (பெ.) – ஒரு தவணையில் தொடங்கி, அத்தவணை முடியும்போது ‘முடிந்தது’ என்பதற்கு அணி வைத்துள்ள வரையறையை எட்டாமல் நிற்கும் வேலை. தொடங்காமலே நிலுவைப் பட்டியலுக்குத் திரும்பியது இதில் சேராது.

அப்புறம், ஒரே நேரத்தில் எத்தனை வேலை திறந்திருக்கலாம் என்ற எல்லைக்கு என்ன சொல்வது? ‘கைவேலை வரம்பு’ என்று எழுதிவிட்டு நானே அடித்துவிட்டேன், பன்னவேலை (பாய், பெட்டி முடைதல்), தையல்வேலை ஞாபகம் வருகிறது. ‘கைவச வரம்பு’ சரிவருமா?