மூழ்கிக் கிடந்தும் பிழைத்த சிஆர் 1009 சப் 1: இது மரபணு மாற்றிய நெல்லா?

கடைமடைக்காரன்:
எங்கள் ஊர் நாகப்பட்டினம் பக்கம், வாய்க்கால் கடைசியில். போன சம்பாவில் நேரடி விதைப்பில் பிபிடி என்ற நெல் ரகம் போட்டிருந்தேன். பயிருக்கு ஒரு மாதம்தான் இருக்கும், நவம்பர் மழை பிடித்துக்கொண்டது. பத்து நாள் தண்ணீர் தலைக்கு மேல். வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் பயிர் செத்துத்தான் கிடந்தது. ஆனால் ஒன்று கவனித்தேன்: சாவதற்கு முன் ஒரு முழம் நீளமாக, வெளிறி வளர்ந்திருந்தது. தண்ணீர் போனதும் அப்படியே சேற்றில் படுத்துவிட்டது.

வரப்புக்கு அந்தப் பக்கம் சித்தப்பா வயலில் சிஆர் 1009 சப் 1. அதே தண்ணீர், அதே பத்து நாள். ஓரம் கொஞ்சம் அழுகியது, அப்புறம் இரண்டு வாரத்தில் புதுத் தூர் விட்டு எழுந்துவிட்டது. டீக்கடையில் ஒருவர் அது மரபணு மாற்றியது, மண் கெட்டுவிடும் என்கிறார். உண்மையா? எனக்கு ஒத்துவருமா?

நெல் ஆராய்ச்சி மாணவி:
மரபணு மாற்றியது இல்லை அண்ணே. ஒடிசாவின் பழைய நாட்டு நெல்லான தால்புட்டியாவிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்ஆர் 13ஏ என்ற வகை வெள்ளத்தைத் தாங்கும், ஆனால் விளைச்சல் குறைவு. அதன் தாங்கும் குணத்தைத் தருவது சப்1ஏ என்ற மரபணு என்று 2006இல் கண்டறிந்து வெளியிட்டார்கள். அதை வழக்கமான ஒட்டுச் சேர்க்கை வழியாகவே நம் சிஆர் 1009க்குள் கொண்டுவந்தார்கள். எந்த நாற்றில் அது இறங்கியிருக்கிறது என்று டிஎன்ஏ அடையாளம் வைத்துப் பார்த்துப் பார்த்துத் தேர்வு செய்தார்கள், அவ்வளவுதான்.

நீங்கள் பார்த்த அந்த ஒரு முழ நீளம்தான் விஷயமே. மூழ்கிய பயிருக்குள், அதை நீளத் தூண்டும் எத்திலீன் வாயு தேங்கும். சாதாரண நெல், மேலே எட்டிப் பார்க்கலாம் என்று சேமிப்பை எல்லாம் செலவழித்து நீளும். தண்ணீர் வடியும்போது கையில் ஒன்றும் இருக்காது. சப்1ஏ உள்ள நெல் நீளாமல் அடங்கி, மாவுச்சத்தை மிச்சம் பிடித்து வைத்திருக்கும். வடிந்ததும் அதை வைத்துத் துளிர்க்கும். சுமார் இரண்டு வாரம் தாக்குப்பிடிக்கும்.

திருத்துறைப்பூண்டி விவசாயி:
தம்பி, பெருமை பேசுவதற்கு முன் கேட்டுக்கொள். விதைத்து முளைக்கும்போதே தண்ணீர் கட்டினால் சப்1 காப்பாற்றாது. முழங்கால் தண்ணீர் மாதக்கணக்கில் நின்றாலும் அடங்கி இருக்கிற நெல் என்ன செய்யும்? அப்படித் தண்ணீர் நிற்கிற பள்ளத்துக்குக் காட்டுயானம் என்ற நாட்டு நெல்தான் சரி, ஆள் உயரம் வளரும். உப்புத் தண்ணீருக்கும் சப்1 மருந்து இல்லை. சிஆர் 1009 சப் 1 என்பது 155 நாள் ரகம், மறக்காதே. மேட்டூர் தண்ணீர் தாமதமானால் கணக்கு இடிக்கும்.

தண்ணீர் வடிந்ததும் மூட்டை மூட்டையாக யூரியாவைக் கொட்டாதே. ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ சிங்க் சல்பேட், 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து இலையில் தெளி.

கடைமடைக்காரன்:
நன்றி. எங்கள் வயலில் தண்ணீர் வந்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் வடிந்துவிடும், நிற்காது. இந்த முறை இரண்டு ஏக்கரில் சப்1, தண்ணீர் நிற்கிற வாய்க்கால் ஓரப் பள்ளத்தில் மட்டும் காட்டுயானம். சித்தப்பாவிடம் விதை கேட்டேன், களத்தில் மற்ற நெல்லோடு கலந்துவிட்டதாம். விதை டிப்போவுக்குத்தான் போக வேண்டும்.