சங்கத்தை நாமே நடத்துவதா, கம்பெனியிடம் கொடுப்பதா?

நான்காவது மாடி:
எங்கள் குடியிருப்பில் 84 வீடுகள். வீட்டு உரிமையாளர் சங்கத்தில் ஆறு வருடமாகச் செயலாளராக இருந்தவர் உடம்பு ஒத்துழைக்கவில்லை என்று விலகுகிறார். அவர் இடத்துக்கு வர ஒருவரும் முன்வரவில்லை. அடுத்த மாதம் பொதுக்குழு கூடுகிறது. நிர்வாகக் குழுவே முன்போல எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளலாம், பராமரிப்புக் கம்பெனியிடம் மொத்தமாக ஒப்படைக்கலாம், சங்கமே சம்பளம் கொடுத்து ஒரு மேனேஜரை வைத்துக்கொள்ளலாம் என்று மூன்று விதமாகப் பேசுகிறார்கள். என் மனம் கம்பெனி பக்கம்தான் சாய்கிறது. பட்டறிந்தவர்கள் சொல்லுங்கள்.

முன்னாள் பொருளாளர்:
தயவுசெய்து கொடுக்காதீர்கள். எங்கள் குடியிருப்பில் கொடுத்துவிட்டு, மூன்று வருடம் கழித்துத் திரும்ப வாங்கினோம். வாங்கியதுதான் பெரும்பாடு.

மாதப் பராமரிப்புப் பணம் அவர்கள் கணக்கில்தான் போய் விழுந்தது. லிஃப்ட் ஒப்பந்தம், ஜெனரேட்டர் ஒப்பந்தம் எல்லாம் அவர்கள் பெயரில் இருந்தன. போகும்போது இரண்டு அட்டைப்பெட்டி நிறைய காகிதம் கொடுத்தார்கள். எந்த வீட்டுக்காரர் எவ்வளவு பாக்கி என்பது அவர்கள் கணக்கில் ஒன்று, வீட்டுக்காரர் கையில் இருந்த ரசீதில் இன்னொன்று. அதைச் சரிசெய்ய எனக்கு ஏழு மாதம் ஆனது. மூன்று வருடத்தில் நான்கு மேனேஜர்கள் மாறினார்கள். ஒருநாள் தண்ணீர்க் குழாய் வெடித்தபோது எந்த வால்வை மூடினால் எந்தப் பிளாக்குக்குத் தண்ணீர் நிற்கும் என்று அங்கே நின்ற மேனேஜருக்குத் தெரியவில்லை. எங்கள் பழைய வாட்ச்மேன் ஓடிவந்து மூடினார்.

மழைத்துளி:
ஐயா, உங்கள் வேதனை நியாயமானது. ஆனால் நான் பார்த்தது இதன் மறுபக்கம்.

என் கணவர் இரண்டு வருடம் செயலாளராக இருந்தார். இரவு பதினொன்றுக்கு லிஃப்ட் நின்றுவிட்டது என்று போன் வரும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பாக்கி கேட்பதுதான் முடியாத காரியம். எதிர் வீட்டுக்காரர் ஐந்து மாதம் பணம் கட்டவில்லை. எங்கள் பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் ஒன்றாக விளையாடுகிறவர்கள். எப்படிக் கேட்பது? கேட்டார். அன்றோடு அந்தக் குடும்பம் எங்களிடம் பேசுவதை நிறுத்தியது, இன்றுவரை பேசவில்லை. கம்பெனி என்றால் பத்தாம் தேதி தாண்டியதும் கட்டாத எல்லோருக்கும் ஒரே மாதிரி நோட்டீஸ் போகும். அதில் யாருக்கும் யார்மீதும் கோபம் வராது. இந்த ஒன்றுக்காகவே அவர்களுக்கு ஒரு கட்டணம் கொடுக்கலாம் என்பேன்.

இரவுப்பணி:
மூன்றாவது வழியை ஏன் யாரும் பேசவில்லை? சொந்தமாக ஒரு மேனேஜரை வைத்தால் வால்வு அவருக்குத் தெரியும், நோட்டீஸும் அவரே கொடுப்பார்.

கணக்குப்பிள்ளை:
நல்ல ஆள் கிடைத்தால் அது நல்ல வழிதான். ஆனால் அவருக்குச் சங்கம் முதலாளி ஆகிறது. விடுப்பு, காப்பீடு, தொழிலாளர் சட்டப்படி தரவேண்டியவை எல்லாம் குழுவின் தலையில் வரும். அவர் ஒரு மாதம் படுத்துவிட்டால் மாற்று ஆள் இல்லை. ஆறு வருடம் செயலாளர் தலைக்குள் இருந்த விஷயமெல்லாம் இனி மேனேஜர் தலைக்குள் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். 84 வீட்டுக்கு இதைத் தாங்க முடியுமா என்பது உங்கள் வரவைப் பொறுத்தது.

நான் சில சங்கங்களுக்குக் கணக்குத் தணிக்கை செய்கிறவன். இங்கே எல்லோரும் மூன்று விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம் என்று நினைக்கிறேன். வேலை வேறு, பணம் வேறு, முடிவு வேறு. துப்புரவு, காவல், மோட்டார், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, புகார் பதிவு இதெல்லாம் வேலை. தாராளமாக வெளியே கொடுக்கலாம். பணத்தைக் கொடுக்கக் கூடாது. வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். கம்பெனி ஆள் பில்லைப் பதிவேற்றட்டும். குழுவில் இரண்டு பேர் ஒப்புதல் தந்தால்தான் பணம் வெளியே போகவேண்டும். இப்போது வங்கிகளில் இணைய வழியிலேயே ஒருவர் பதிவு செய்து இன்னொருவர் ஒப்புக்கொள்ளும் வசதி இருக்கிறது. லிஃப்ட் ஒப்பந்தமும் காப்பீடும் சங்கத்தின் பெயரில்தான் இருக்கவேண்டும். சங்கத்துக்கென்று ஒரு மின்னஞ்சல், அதன் கடவுச்சொல் குழுவிடம். அனுமதி வரைபடம், குழாய், மின்சார வரைபடங்கள், உத்தரவாதச் சீட்டுகள் எல்லாவற்றின் அசலும் உங்கள் பீரோவில், நகல் மட்டும் அவர்களிடம்.

முன்னாள் பொருளாளர் சொன்ன ஏழு மாதக் கஷ்டம், கம்பெனி வைத்ததால் வந்ததில்லை. கணக்கை அவர்கள் கையில் விட்டதால் வந்தது.

முன்னாள் பொருளாளர்:
எழுதும்போது இப்படிப் பிரித்துவிடலாம். நடப்பில் பிரியாது, ஐயா. வேலையை வெளியே கொடுத்த குழு ஆறு மாதத்தில் கணக்கைப் பார்ப்பதையும் விட்டுவிடும். "அதுதான் ஆள் வைத்திருக்கிறோமே" என்ற நினைப்பு வந்துவிடும். எங்கள் குழு படிப்பறிவில்லாத குழு இல்லை. மாத அறிக்கை வந்துகொண்டுதான் இருந்தது. யாரும் திறக்கவில்லை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பழுதுக்கு ஆகும் செலவில் இத்தனை சதவீதம் என்று கம்பெனிக்குக் கூலி பேசியிருந்தோம். மோட்டார் பழுதானால் அவர்களுக்கு வருமானம். அப்புறம் அதை ஏன் நன்றாக வைத்திருக்கப் போகிறார்கள்? ஒரே ஆளிடமிருந்துதான் கோட்டேஷன் வரும்.

மழைத்துளி:
அறிக்கையைத் திறந்து பார்க்க நேரமில்லாத குழு, கம்பெனி இல்லாமல் மொத்த வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்துவிடுமா? அதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை.

முன்னாள் பொருளாளர்:
செய்யாதுதான். ஆனால் செய்யவில்லை என்பது உடனே தெரிந்துவிடும். குப்பை எடுக்காவிட்டால் நாற்றம் வரும், மறுநாளே கூட்டம் போடுவார்கள். கம்பெனி இருக்கும்போது வெளியே எல்லாம் பளபளவென்று இருந்தது, உள்ளே கணக்கு அழுகிக்கொண்டிருந்தது. கூலியைப் பற்றி நான் சொன்னதற்கு நீங்களும் பதில் சொல்லவில்லை, அம்மா.

மழைத்துளி:
கூலி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. மாதம் இவ்வளவு என்று ஒரே தொகையாகப் பேசவேண்டும். குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட எந்தப் பழுதுக்கும் மூன்று கோட்டேஷன், அதில் ஒன்றாவது குழுவே தேடியதாக இருக்கவேண்டும்.

இரவுப்பணி:
நீங்கள் இரண்டு பேரும் அன்றாட விஷயத்திலேயே நிற்கிறீர்கள். அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் சர்ஃப்சைட் என்ற ஊரில் 2021 ஜூன் 24 அன்று 12 மாடிக் குடியிருப்பு ஒன்றின் பெரும்பகுதி நள்ளிரவில் இடிந்து 98 பேர் இறந்தார்கள். 1981இல் கட்டிய கட்டடம். 2018லேயே ஒரு பொறியாளர், நீச்சல்குளத் தளத்தில் தண்ணீர் இறங்காமல் தடுக்கும் நீர்க்காப்பு கெட்டு அதன் கீழே கான்கிரீட் சேதமாகியிருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். செலவை யார் ஏற்பது, எவ்வளவு என்று வீட்டுக்காரர்களுக்குள் வருடக்கணக்கில் இழுபறி. இடையில் குழு உறுப்பினர்கள் பலர் விலகினார்கள். பெரிய பழுதுகளுக்கென்று சேர்த்துவைக்கும் சேமநிதி போதவில்லை. இடிந்தபோது அந்தக் கான்கிரீட் மராமத்து வேலை இன்னும் தொடங்கக்கூட இல்லை. யார் தினசரி நிர்வாகம் செய்கிறார்கள் என்பதைவிட, கட்டடத்தின் வயதுக்கேற்பப் பணம் சேர்த்தோமா என்பதுதான் முக்கியம்.

கணக்குப்பிள்ளை:
முக்கியமான உதாரணம். ஆனால் பணம் சேர்க்காததால்தான் இடிந்தது என்று படிக்கிறவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் குளத்தளத்தின் வடிவமைப்பே அந்தக் காலக் கட்டட விதிகளுக்கு ஏற்ப இல்லை என்று பின்னால் நடந்த அரசு விசாரணையில் தெரியவந்தது. தாமதத்தால், அதைத் தடுக்க இருந்த வாய்ப்பு கை நழுவியது என்று வேண்டுமானால் சொல்லலாம். அதன் பிறகு 2022இல் புளோரிடா சட்டத்தை மாற்றியது. மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள அடுக்குமாடிச் சங்கங்கள் கூரை, தாங்கும் கட்டமைப்பு, நீர்க்காப்பு போன்றவற்றுக்கு எவ்வளவு நிதி வேண்டும் என்று ஆய்வு செய்தாக வேண்டும். அதற்கு முன்பு, உறுப்பினர்கள் வாக்களித்து இந்தச் சேமிப்பையே தள்ளிவைக்க முடிந்தது. முக்கியமான கட்டமைப்புப் பகுதிகளுக்கு அப்படித் தள்ளிவைப்பதை அந்த மாற்றம் தடுத்தது.

இதை நாமாகவே செய்யலாம், சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். லிஃப்டின் ஆயுள் சுமார் 20, 25 வருடம். மொட்டைமாடி நீர்க்காப்பு அதைவிட மிகச் சீக்கிரம் போகும். இன்றைய மாற்றுச் செலவை மீதமுள்ள வருடங்களால் வகுத்து, அதை வீடுகளுக்குப் பிரித்தால் ஒரு வீட்டுக்கு வருடம் எவ்வளவு எடுத்துவைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். விலைவாசி ஏறும் என்பதால் வருடா வருடம் கணக்கைத் திருப்பிப் போடவேண்டும். இந்தக் கணக்கைக் கம்பெனி போட்டுத் தரலாம். மாதத் தொகையைக் கூட்டலாமா என்ற முடிவைப் பொதுக்குழுதான் எடுக்கமுடியும், அது எந்த ஒப்பந்தத்தாலும் வெளியே போகாது.

நான்காவது மாடி:
இதைப் படித்துவிட்டு நேற்று எங்கள் கோப்புகளைப் பிரித்தேன். கட்டடத்துக்கு 14 வயது. சேமநிதி என்று ஒரு தொகை இருக்கிறது, ஆனால் எதற்கு எவ்வளவு என்று ஒரு தாள்கூட இல்லை. லிஃப்ட் ஒப்பந்தம் பழைய செயலாளரின் சொந்த மின்னஞ்சலில் இருக்கிறது. அவர் மிக நல்ல மனிதர், தவறு எதுவும் செய்யவில்லை. இருந்தாலும் பயமாக இருந்தது.

பொதுக்குழுவில் இப்படி வைக்கலாம் என்று நினைக்கிறேன். கம்பெனிக்கு ஒரு வருடம் மட்டும், மாதக் கூலி ஒரே தொகையாக. வங்கிக் கணக்கும் ஒப்பந்தங்களும் சங்கத்தின் பெயரில். விலகுவதென்றால் எந்தப் பக்கமும் 60 நாள் முன்னறிவிப்பு, ஆவணங்களையும் பாக்கிப் பட்டியலையும் ஒப்படைத்த பிறகே கடைசி மாதக் கூலி. இதோடு, முதல் ஆறு மாதத்துக்குள் சேமநிதிக் கணக்கு.

மழைத்துளி:
பாக்கிக்கு எத்தனை நாளில் நோட்டீஸ், தாமதக் கட்டணம் எவ்வளவு என்பதையும் அதே கூட்டத்தில் துணைவிதியாக நிறைவேற்றிவிடுங்கள். விதி இல்லாமல் கம்பெனி அனுப்பும் நோட்டீஸை யாரும் மதிக்கமாட்டார்கள்.

முன்னாள் பொருளாளர்:
நான் இன்னும் குழுவே நடத்தவேண்டும் என்ற பக்கம்தான். ஆனாலும் நீங்கள் எழுதியதில் குறை சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. மாத அறிக்கையைத் திறக்கப்போகிற இரண்டு பேர் யார்? அவர்கள் பெயரைத் தீர்மானத்திலேயே எழுதுங்கள். கூட்டத்தில் இரண்டு கை தூக்கப்படாவிட்டால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஒப்பந்தத்துக்கு எதிராக வாக்களிப்பேன்.

நான்காவது மாடி:
ஒருவர் நான். இரண்டாம் மாடியில் வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் இருக்கிறார். இன்று மாலை போய்க் கேட்கிறேன்.