ஆர்எக்ஸ் 100 முன் ஃபோர்க் ரொம்ப இறங்குகிறது: ஆயிலா, ஸ்பிரிங்கா?

கேள்வி (தேனி)

வணக்கம். அப்பாவின் 1993 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி அப்படியே குனிகிறது. போடிமெட்டு இறக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும் பயமாக இருக்கிறது. போன மாதம் ஒரு பட்டறையில் காட்டினேன். ஃபோர்க்கில் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு குழாய்கள்) இருக்கிற ஆயில் தண்ணீராகிவிட்டது என்று 20டபிள்யூ-50 இன்ஜின் ஆயிலை ஊற்றிக் கொடுத்தார்கள். இப்போது சின்னக் கல் ஏறினாலும் மணிக்கட்டில் அடிக்கிறது. வேகத்தடையில் இறங்கினால் மட்டும் பழையபடி அடியில் 'டங்' என்று இடிக்கிறது. அது எப்படி ஒரே ஃபோர்க் கெட்டியாகவும் இருக்கும், தொய்வாகவும் இருக்கும்?

பதில் (திருச்சி, பட்டறை வைத்திருப்பவர்)

தம்பி, ஃபோர்க்கில் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஆயிலுக்கு அந்த வேலை இல்லை. ஸ்பிரிங் எவ்வளவு வேகமாக அமுங்கலாம், எவ்வளவு வேகமாக எழலாம் என்பதை அடக்குவதுதான் ஆயிலின் வேலை. உள்ளே சின்னத் துளைகள் வழியாக அது போய் வர வேண்டும். இன்ஜின் ஆயில் ரொம்பக் கெட்டி. சட்டென்று கல் தட்டும்போது துளையில் புகுந்து போக நேரம் கிடைக்காது, அடி நேராகக் கைக்கு வருகிறது. அதே ஆயில் ஃபோர்க்கை மறுபடி எழவும் விடாது. வரிசையாகப் பள்ளம் வந்தால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டே போகும். கடைசியில் அடியில் இடிக்கும். நீங்கள் சொல்வது அப்படியே இதுதான்.

முதலில் ஸ்பிரிங்கைப் பாருங்கள். குரோம் பைப்பில் ஒரு கேபிள் டையைக் கட்டி, ஆயில் சீலை (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) ஒட்டி இறக்கி வையுங்கள். முன் சக்கரம் தரையைத் தொடாமல் இருக்கும்போது ஒரு அளவு, நீங்கள் உட்கார்ந்து இரண்டு காலையும் ஃபுட்ரெஸ்டில் வைத்த பிறகு ஒரு அளவு எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஃபோர்க் இறங்கும் அளவு. பக்கத்தில் ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும். ஃபோர்க்கின் மொத்த அசைவில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை இறங்கலாம். அதற்கு மேல் என்றால் எந்த ஆயிலும் காப்பாற்றாது.

பதில் (மதுரை)

ஸ்பிரிங் மேல் பழைய காசு நாலைந்து அடுக்கிப் போடுங்கள். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

பதில் (திருச்சி)

காசு வேண்டாம் அண்ணா. சரிந்து பைப்பின் உள்சுவரைக் கீறும், தூள் ஆயிலில் கலக்கும். தடித்த பைப்பில் ஒரு துண்டை லேத்தில் இரண்டு முனையும் நேராகக் கடைந்து, வாஷர் வைத்துப் போட்டால் போதும். ரொம்ப நீளமாகவும் போடக் கூடாது. ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடு ஒன்று முட்டி நின்றுவிடும்.

கேள்வி கேட்டவர்

அளந்தேன் அண்ணா. நான் உட்கார்ந்தால் 52 மி.மீ. இறங்குகிறது. ஸ்பிரிங்கைக் கழற்றிப் பார்த்தால் ஒன்று மற்றதைவிட 6 மி.மீ. குட்டை!

பதில் (திருச்சி)

அப்போது ஸ்பிரிங்தான். ஜோடியாக இரண்டையும் மாற்றிவிடுங்கள், ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். புதியது கிடைக்கும்வரை வேண்டுமானால் பைப் துண்டு போடலாம். 15 மி.மீ. துண்டு போட்டால் வண்டி ஏறக்குறைய அதே அளவு உயரும். ஆனால் ஸ்பிரிங் கெட்டியாகாது, நிற்கிற உயரம்தான் மாறும்.

இன்ஜின் ஆயிலைச் சுத்தமாக வடித்துவிடுங்கள். 10டபிள்யூ ஃபோர்க் ஆயிலில் ஆரம்பியுங்கள். ஊற்றியதும் ஃபோர்க்கை மெதுவாக ஏழெட்டு முறை அமுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். பிறகு ஸ்பிரிங் இல்லாமல், முழுவதும் அமுக்கிய நிலையில், மேல்விளிம்பிலிருந்து ஆயில் எவ்வளவு கீழே நிற்கிறது என்று ஸ்கேல் விட்டு அளந்து பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மட்டம் இருக்க வேண்டும், இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். மேலே இருக்கிற காற்றும் ஒரு ஸ்பிரிங் மாதிரிதான் வேலை செய்கிறது, மட்டம் மாறினால் அதுவும் மாறும்.

மூடியைத் திறக்கும்போதும் மாட்டும்போதும் முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் அழுத்தத்தில் மூடி பறக்கும்.

கேள்வி கேட்டவர்

புது ஸ்பிரிங் ஜோடி, 10டபிள்யூ ஆயில், இரண்டும் போட்டாயிற்று. இப்போது 36 மி.மீ. இறங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை போடிமெட்டு போய் வந்தேன். குனிகிறது, ஆனால் முட்டுவதில்லை. மணிக்கட்டு வலியும் இல்லை. அப்பாவையும் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன், வாங்கிய புதிதில் இப்படித்தான் இருந்தது என்றார். ரொம்ப நன்றி அண்ணா. இடது பக்கம் மட்டும் குரோமில் மெல்லிய ஆயில் வளையம் தெரிகிறது. சீல் மாற்ற வேண்டுமா?

பதில் (திருச்சி)

துடைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். மறுபடி வந்தால் சீலை மாற்றத்தான் வேண்டும். அதற்கு முன் குரோம் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். துருப்புள்ளி நகத்தில் தட்டினால், எத்தனை புது சீல் போட்டாலும் அது கிழித்துவிடும். வழிகிற ஆயில் சக்கரத்தின் பக்கம் இறங்கி டிரம்முக்குள் போனால் பிரேக் பிடிக்காது, அதனால் இந்த வாரம் மலைப்பக்கம் போக வேண்டாம் தம்பி.