தொலைநோக்கி நேரம் கேட்கும்போது: எத்தனை இரவு, ஏன் அத்தனை?

திருமங்கலம்:
மதுரைப் பக்கம் எம்.எஸ்சி. புராஜெக்டுக்காகக் காவலூர் வானாய்வகத்தின் 1.3 மீட்டர் தொலைநோக்கியில் நேரம் கேட்கிற தம்பி, தங்கைகளுக்கு. அறிவியல் பகுதியை எல்லாரும் நன்றாகத்தான் எழுதுகிறீர்கள். புரொபோசல் (நேரம் கேட்கும் விண்ணப்பம்) அடிபடுவது "3 இரவு வேண்டும்" என்கிற ஒற்றை வரியில். ஏன் 2 போதாது என்பதற்குக் கணக்கு இருக்க வேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு கிரகண இரட்டை நட்சத்திரம் (ஒன்றையொன்று சுற்றி மாறி மாறி மறைக்கும் ஜோடி), சுற்றுக்காலம் 0.3 நாள், அதாவது 7 மணி 12 நிமிடம். 14 மேக்னிட்யூட் (எண் கூடக் கூட வெளிச்சம் குறைவு) நட்சத்திரத்துக்கு 60 விநாடியில் சிக்னல்-நாய்ஸ் (இரைச்சலைவிட சிக்னல் எத்தனை மடங்கு என்பது) 100 கிடைக்கிறது என்று வையுங்கள். உங்களுடையது 16. வெளிச்சம் 6.3 மடங்கு குறைவு, அதே 100-க்கு 380 விநாடி ஆகும். நிலா வெளிச்சத்தில் வானப் பின்னணி நட்சத்திரத்தை அமுக்கிவிட்டால் 6.3-இன் வர்க்கம், 40 மடங்கு வரை போய்விடும். இருட்டு இரவு கேட்பதற்கு இதைவிடப் பெரிய நியாயம் தேவையில்லை.

380 விநாடி என்பது சுற்றுக்காலத்தில் 1.5 சதவீதம். இதற்கு மேல் நீட்டினால் கிரகணத்தின் அடிப்பகுதி மழுங்கிப்போகும். இன்னொன்று: சுற்றுக்காலம் அரை நாளுக்கோ ஒரு நாளுக்கோ ஒட்டி இருந்தால் தினமும் சுற்றின் அதே கட்டம்தான் கண்ணில் படும். அடுத்தடுத்த இரவுகள் கேட்டுப் பயனில்லை, இடைவெளி விட்டுக் கேளுங்கள்.

நரிமேடு:
திருமங்கலத்து அண்ணன் சொன்னதோடு கிரகண நேரத்தையும் சரிபாருங்கள். பழைய பட்டியலில் சுற்றுக்காலம் 0.00001 நாள் பிசகியிருந்தால், 5 வருஷத்தில் 6,000 சுற்றுக்கு மேல் ஓடி 0.06 நாள் சேர்ந்துவிடும். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்! காவலூரில் ஷட்டர் திறப்பதற்குள் கிரகணம் முடிந்திருக்கும். 12 மேக்னிட்யூட் வரை உள்ள நட்சத்திரம் என்றால் அழகர்கோயில் பக்கம் 8 அங்குலத் தொலைநோக்கி, ஒரு சிசிடி கேமரா போதும். ஒரு கிரகணத்தை முன்கூட்டியே பிடித்துப் புது நேரத்தைப் புரொபோசலில் போடுங்கள். இந்திய நேரத்துக்கும் யு.டி.க்கும் (உலகப் பொது நேரம்) ஐந்தரை மணி வித்தியாசம். சூரிய மையத் திருத்தம் (நேரத்தைப் பூமிக்குப் பதில் சூரியனிலிருந்து பார்த்ததாக மாற்றுவது) 8 நிமிடம் வரை வரும். இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.

மேலூர்:
இடத்தேர்வுக்கும் காரணம் எழுதுங்கள். ஒமேகா சென்டாரி என்கிற நட்சத்திரக் கொத்தின் டெக் (வான நடுக்கோட்டிலிருந்து வடக்கு-தெற்குத் தூரம்) −47.5 டிகிரி. காவலூரில் உச்சிக்கு வரும்போதே 30 டிகிரி உயரம்தான், ஏர்மாஸ் 2 (தலைக்கு நேர் மேலே பார்ப்பதைப் போல் இரு மடங்கு காற்று). லடாக்கின் ஹான்லேயில் 10 டிகிரிகூட எழும்பாது. அங்கே 4,500 மீட்டர் உயரமும் 2 மீட்டர் கண்ணாடியும் இருந்தும் இந்தக் கொத்துக்கு உதவாது. காவலூருக்கு தை முதல் பங்குனி வரை கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரவைப் பறிகொடுக்க வேண்டாம்.

தேடுபடத்தில் (நட்சத்திரத்தை வானில் அடையாளம் காட்டும் படம்) வடக்கு, கிழக்கு அம்புகள், படத்தின் அகலம் எத்தனை ஆர்க்மினிட் (டிகிரியில் 60-இல் ஒரு பங்கு) என்பது, வெளிச்சத்தை ஒப்பிட்டுப் பார்க்க ஒப்பீட்டு நட்சத்திரங்கள் இரண்டு, எல்லாம் இருக்கணும். அந்த இரண்டும் கேமராவின் ஃபீல்டுக்குள் (ஒரே படத்தில் தெரியும் வானப் பரப்பு) அடங்குகிறதா என்று அளந்து பாருங்கள்.