மகனின் விளையாட்டுக் கணக்கைப் பாதுகாக்க உங்கள் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். 11 வயதான என் மகனின் இணைய விளையாட்டுக் கணக்கு சென்ற வாரம் பறிபோனது. விளையாட்டில் பழக்கமான ஒருவர், இலவச நாணயங்கள் கிடைக்கும் என்று சொல்லி அனுப்பிய இணைப்பைத் திறந்து, அசலைப் போலவே இருந்த போலிப் பக்கத்தில் அவன் கடவுச்சொல்லை உள்ளிட்டுவிட்டான். இரண்டு ஆண்டுகளாகச் சேர்த்த பொருள்கள் போனதைவிட, அவன் பெயரிலேயே நண்பர்களுக்கும் அந்த இணைப்பு சென்றதுதான் அவனை அதிகம் வருத்தியது.

கணக்கை மீட்டுவிட்டோம். கடவுச்சொல்லை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் கணக்கை வெளியேற்றி, 30 நொடிக்கு ஒருமுறை மாறும் எண்ணைத் தரும் செயலியைக் கொண்டு இருபடிச் சரிபார்ப்பையும் இயக்கியிருக்கிறேன். கணக்குடன் இணைந்த மின்னஞ்சல் பிறர் கைக்குப் போனால் கடவுச்சொல்லை மாற்றும் வழியும் அவர்களிடமே போய்விடும் என்பதால், அதற்கும் இவ்வாறே செய்தேன்.

ஆயினும் ஓர் ஐயம் இருக்கிறது. நாம் ஏற்கெனவே உள்நுழைந்திருப்பதை நினைவில் வைக்க உலாவியில் சேமிக்கப்படும் குக்கி (cookie) என்ற சிறு தரவை, உலாவியில் கூடுதலாக நிறுவப்படும் தீய நீட்சிகள் (extensions) திருடினால், கடவுச்சொல்லும் சரிபார்ப்பு எண்ணும் இல்லாமலேயே ஒருவர் உள்ளே நுழைந்துவிட முடியும். குழந்தை பயன்படுத்தும் கணினியில் நீட்சிகளையும் பதிவிறக்கங்களையும் நீங்கள் எவ்வாறு கட்டுப்படுத்துகிறீர்கள்? சரிபார்ப்புச் செயலியைப் பெற்றோரின் கைபேசியில் மட்டும் வைத்திருப்பது நடைமுறையில் சரியாக வருகிறதா?

நடந்ததை அவன் இரண்டு நாள் பயந்து மறைத்தான். அடுத்த முறை உடனே வந்து சொல்லும்படி அவனிடம் எப்படிப் பேசுவது என்பதையும், அனுபவமுள்ள பெற்றோர் தயவுசெய்து எழுதுங்கள்.